எந்த ஊர்த் தண்ணி?

பாலக்கோட்டில் ஒரு வேலைப் பயிற்சி மையத்தில் நான் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். இலக்கணம் கிடையாது. இன்டர்வியூவில் போய் உட்கார்ந்தால் என்ன பேசுவது, எப்படிப் பேசுவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதுதான் பாடம். மூன்றாவது எனக்கே இன்னும் வரவில்லை என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. யார் எதைச் சொன்னாலும் ஏன், எதற்கு, எப்போதிருந்து என்று கேட்காமல் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் இறங்குவதற்குள் அவர் மருமகள் எந்த ஊர் என்பதுவரை தெரிந்துகொண்டுவிடுவேன்.

என் வகுப்பில் பாதிப் பேர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் அடக்கம் என்று நினைப்பார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்தால் முளைக்கும் பல்லே பழுப்புக் கோட்டோடு முளைக்கும். எந்தப் பற்பசை போட்டுத் தேய்த்தாலும் போகாது. காவிப் பல் என்போம். இப்போது ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருகிறது. சின்னப் பிள்ளைகளின் பல் தேவலாம். ஆனால் வேலை தேடி என்னிடம் வருகிற இருபது வயதுக்காரர்களுக்குப் பல் முளைத்தது பழைய தண்ணீரில்.

அதில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கிராமம். அப்பா டெம்போவில் தக்காளி ஏற்றுகிறவர், அம்மா பூப்பறிக்கப் போகிறவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், ஓசூர் பஸ்ஸில் கன்னடம் என்று எந்த மொழியில் விட்டாலும் நீந்திக் கரையேறுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். என்னைப் போலவே வாயாடி. எதற்கு வேலைக்குப் போக வேண்டும் என்று வகுப்பில் கேட்டால் மற்றவர்கள் குடும்ப நிலைமை சொல்வார்கள். அவள் சொன்னாள்: "எனக்கு நாளெல்லாம் ஆளுங்ககிட்ட பேசிக்கினே இருக்கணும் மேடம். அதுக்குச் சம்பளமும் குடுத்தா வேணாம்னா சொல்லப் போறேன்?"

ஆனால் அதையும் கையை வாயில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறாள். எல்லாம் நன்றாகப் போயிருக்கிறது. ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போய் அவள் சிரித்திருக்கிறாள். கஸ்டமர் முன்னால் நிற்க வேண்டாம், குடோனில் துணி மடிக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து கை வாயை விட்டு இறங்கவில்லை. இப்போது ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள், இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கிடைக்காவிட்டால் ஓசூர் ஃபேக்டரிகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேன் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஏறி, லைனில் நின்று, வாயே திறக்காமல் வேலை பார்த்துவிட்டு வரலாம். அந்த வேலையில் குறைவு ஒன்றும் இல்லை. இவளுக்கு அது ஜெயில்.

அந்தச் சமயத்தில்தான் தான்சானியாவிலிருந்து ஒரு அம்மணி வந்தார். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளைத் தொழிலில் சேர்த்துவிடும் அரசாங்க வேலை அவருக்கு. ஏதோ பயிற்சிக்காகச் சென்னை வந்தவர்களை ஆளுக்கொரு மாவட்டமாகப் பிரித்து அனுப்பியபோது எங்கள் மையம் அவர் தலையில் விழுந்தது. இங்கிலீஷ் தெரிந்தவள் என்று என்னைத் துணைக்குப் போட்டார்கள். லாட்ஜ் வசதிப்படவில்லை என்றார். எங்கள் வீட்டு மாடியறை காலியாக இருந்தது, கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வெறும் வாயை மெல்லுகிறவர்கள் நிறைந்த தெரு எங்களுடையது. அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? சர்க்கரை கடன் கேட்டு மூன்று வீட்டுக்காரிகள் வந்து போனார்கள்.

அவருக்கு என்ன சமைப்பது என்று எனக்கு ஒரே கவலை. முதல் நாள் சப்பாத்தி போட்டேன். மரியாதைக்குச் சாப்பிட்டார். மறுநாள் எங்களுக்கென்று ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, இதை ஏன் எனக்குத் தரவில்லை என்று கேட்டார். உருண்டையில் ஒரு துண்டு கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி பண்ணி, அதில் கீரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். நாங்கள் களியை மெல்லாமல் விழுங்குகிற ஆட்கள். எனக்கு அந்தக் குழி புதிதாக இருந்தது. அவர்கள் ஊரில் மக்காச்சோள மாவில் இதே மாதிரி கிண்டுவார்களாம், பேர் உகாலி. கேழ்வரகு அங்கே பெரும்பாலும் கூழுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கும் குழந்தைகளுக்கும். களி, உகாலி என்று நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு சொல்லும் ஒன்றுவிட்ட உறவா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். மொழி படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடுத்த நாள் வகுப்புக்கு அழைத்துப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினார், பிள்ளைகளுக்கு வணக்கம் சொன்னார், நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பேச்சு பாதியில் இருக்கும்போது அவர் கை மெதுவாக மேலே போய் வாயை மறைத்தது. எடுத்தார். மறுபடி பேசும்போது மறுபடி மறைத்தார். வகுப்பில் ஒரே குசுகுசு. எனக்கும் விளங்கவில்லை. வீட்டில் களி தின்றபோது இப்படியெல்லாம் செய்யவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம்ம வாயாடி எழுந்து நின்றாள். வாயை மறைத்துக்கொண்டே, இங்கிலீஷைக் காற்றில் விட்டுவிட்டு, தமிழில் கேட்டாள்: "அக்கா, நீங்க எந்த ஊர்த் தண்ணி?"

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். அவருக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். "பல்லு மறைக்கறீங்கல்ல. பென்னாகரமா, காரிமங்கலமா, இல்ல நம்ம பக்கமா? சின்னதுல இங்க யார் வூட்லயாவது இருந்தீங்களா?" உலகத்தில் வாயை மறைக்கிறவர் யாராக இருந்தாலும் அவர் எங்கள் மாவட்டத்துத் தண்ணீரைக் குடித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு எண்ணம். அவளை மட்டும் சொல்வானேன், வகுப்பு முழுக்கப் பதிலுக்குக் காத்திருந்தது.

நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கை தானாக இறங்கியது. பெரிய சிரிப்பு, வகுப்பின் கடைசி பெஞ்சுவரை கேட்கிற சிரிப்பு. அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம். வரிசையான பல், ஒவ்வொன்றிலும் குறுக்கே பழுப்புக் கோடு. களி தின்றபோது எதிரில் உட்கார்ந்திருந்த நான் இதைக் கவனிக்கவில்லை. பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பல்லாக மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அவர் மறைத்தது பல்லை இல்லையாம். பெரியவர்கள் முன்னால் வாய் பொத்திப் பேசுவது தமிழ்நாட்டு மரியாதை என்று சென்னையில் யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். இங்கே வந்தால் வகுப்பே வாய் பொத்தி உட்கார்ந்திருக்கிறது. அடடா, என்ன மரியாதையான பிள்ளைகள், நாம் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோமே என்று அவரும் கையை வைத்துக்கொண்டாராம். இதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு உருண்டு புரண்டது. அத்தனை காவிப் பல்லையும் ஒன்றாக நான் பார்த்தது அன்றுதான்.

அவர் அருஷா என்கிற ஊர்ப் பக்கம். மலையடிவாரம், எரிமலை மண். அங்கேயும் தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கிறதாம். வேறு ஊருக்குப் போய்ச் சிரித்தால் போதும், ஓ, அருஷாக்காரியா என்று கேட்பார்களாம். எங்களுக்குள் ஏதோ தூரத்துச் சொந்தம் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிட்டது. நம்ம வாயாடி விடவில்லை. "அப்ப உங்களுக்கு வேலை எப்பிடிக் குடுத்தாங்க?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். முதல் இன்டர்வியூவில், நீ பல் தேய்ப்பதுண்டா என்று கேட்டார்களாம். தண்ணீரால் வந்தது என்றால் நம்பவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் எதிரில் உட்கார்ந்திருந்தவர் இவருடைய ஊர்ப்பக்கத்துக்காரர். பல்லைப் பற்றிப் பேச்சே எழவில்லை. திறமை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஆள்தான் வேறு என்றார்.

"அப்ப எங்காளு ஒருத்தர் அங்க உக்காந்திருக்கணும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த அம்மணியும் என்னைப் பார்த்தார். நீங்களும் இந்த ஊர்தானே, உங்கள் பல் மட்டும் எப்படி வெள்ளை என்று கேட்டார்.

கேப், என்றேன். காரிமங்கலத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான் நான். வேலைக்கு வந்த புதிதில் பல் டாக்டரிடம் போய் முன்பல் எல்லாவற்றுக்கும் உறை மாட்டிக்கொண்டேன். அது ஒன்றும் ரகசியம் இல்லை, தெருவுக்கே தெரியும். ஆனாலும் கையை எடு, சிரித்துப் பேசு என்று தினமும் கத்துகிற வாய் இது. ஊருக்குத்தான் உபதேசம் என்று பிள்ளைகள் நினைத்திருந்தால் தப்பு சொல்ல முடியாது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அன்று மாலை தண்ணீர் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் பக்கம் மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரி வழியாகத் தண்ணீரை வடிகட்டினால் ஃபுளோரைடு குறையுமாம். வீட்டில் அதற்கென்று வாளி வைத்திருக்கிறார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் தெருவில் எலும்புக் கரி வாளியை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அமாவாசைக்கு என்ன பண்ணுவது, கிருத்திகைக்கு என்ன பண்ணுவது, விரதக்காரர்களுக்குத் தனி வாளியா? அவருக்கு அமாவாசையை விளக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கடைசியில் அவர், எங்கள் ஊரிலும் முதலில் பன்றி எலும்பா என்று கேட்டுக் குடிக்க மறுத்தவர்கள் உண்டு என்றார்.

பெற்றோர் கூட்டம் ஒன்றும் நடத்த வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணின் ஊரிலேயே, பால் சொசைட்டி கட்டடத்தில் வைத்தோம். அம்மணி எழுந்து நின்று, ஒரு நாடு முன்னேற மூன்று விஷயம் வேண்டும், பிள்ளைகளின் ஆரோக்கியம், படிப்பு, அப்புறம் வேலை, இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பேர் இருக்கிறது என்று அந்தப் பேரைச் சொன்னார். நானும் புத்தகத்தில் படித்தபடி கம்பீரமாக, "மனித மூலதனம்" என்றேன்.

"மூலத்துக்கு மருந்து தர்றாங்களா?" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், ஆவலாக.

"மூலம் இல்லைங்க, முதல். வியாபாரத்துக்குப் போடுற முதல்" என்றேன்.

பெண்ணின் அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "முதலா? ஆளை முதலாப் போட்டு லாபம் பாக்கறதா? மனுசன வாங்கி விக்கிறதுக்கு வேற பேரு இருக்குதே டீச்சர்."

கூட்டம் சிரித்தது. அவர் என்ன சொன்னார் என்று அம்மணி கேட்டார்.  ஒன்றும் இல்லை, வேடிக்கை என்று மழுப்பினேன். அவர் விடவில்லை. என்னை மாதிரியே ஒரு ஆள். சொன்னேன்.

அவர் முகம் மாறியது, ஆனால் கோபம் இல்லை. எங்கள் கடற்கரையில் ஒரு ஊர் இருக்கிறது, உள்நாட்டிலிருந்து மனிதர்களைச் சங்கிலி போட்டு நடத்திக் கொண்டுவந்து அங்கேதான் கப்பல் ஏற்றினார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போய்க் காட்டுவார்கள் என்றார். இந்தச் சொல்லை ஆபீசில் முதல்முதலாகக் கேட்டபோது எனக்கும் நீங்கள் கேட்டதுதான் தோன்றியது, யாரிடமும் கேட்கவில்லை, நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்றார். நான் தமிழில் சொன்னதும் கூட்டத்தில் சிரிப்பு அடங்கியது. பெண்ணின் அப்பா, "தெரியாம சொல்லிப்புட்டனுங்க" என்று கும்பிட்டார்.

அப்போது பெண்ணின் அம்மாதான் பேசினார். "அவங்க சொல்றது கைமுதலுங்க. வயக்காடு இல்லாதவனுக்குக் கையும் காலுந்தான முதலு? அதத்தான் சொல்றாங்க."

கைமுதல். நாங்கள் கையிருப்புக்குச் சொல்கிற வார்த்தை. அதைப் பிரித்து இங்கிலீஷில் சொன்னபோது அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார், நான் களியைச் சொல்லிப் பார்த்த மாதிரி. பிறகு தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். கணக்கில் இவரைவிடக் கெட்டியாம். அதே தண்ணீர் இவருக்குப் பல்லோடு போயிற்று, அவருக்கு எலும்புக்குப் போய்விட்டது. கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டன. பள்ளிக்கூடம் தூரம், நடக்க முடியாமல் நின்றுவிட்டார். இப்போது வீட்டிலேயே ரேடியோ ரிப்பேர். கால் போயிற்று, அதன் பின்னால் படிப்பு போயிற்று, அதன் பின்னால் வேலை போயிற்று என்றார். அந்த மூன்று விஷயத்தை அவர் எங்கே படித்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பெண்ணின் அப்பா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். "முதலுக்கே மோசம்ங்கறது இதான். தக்காளி அழுகுனா மறுபடி நட்டுக்கலாம். முட்டி போனா எங்க போயி நடறது?" என்றவர், மகளைக் காட்டி, "எனக்கு முட்டிக்குப் போச்சு. அதுக்குப் பல்லோட நின்னுச்சு. பல்லுக்காக வேலை இல்லேன்னா அது அநியாயங்க" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.  அதை ஒரு வார்த்தை விடாமல் அம்மணிக்கு மொழிபெயர்த்தேன்.

அம்மணி ஊருக்குக் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது எங்கள் வீட்டில் களி கிண்டுகிற களிக்கோலை ஆசைப்பட்டுக் கேட்டார், கொடுத்துவிட்டேன். விமானத்தில் அதை என்னவென்று சொல்லி ஏற்றினாரோ தெரியாது.

இன்டர்வியூ நாள் வந்தது. அன்று எனக்கு வகுப்பில் மனசே ஓடவில்லை. போனை மேஜை மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் அவள் கூப்பிட்டாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"மேடம், எடுத்துக்கிட்டாங்க."

நான் கத்தியதில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

"இருங்க மேடம், முழுசாக் கேளுங்க. ரிசப்ஷன் இல்ல. போன் செக்‌ஷன். உள்ள ஒரு ரூம்பு. அப்பாயின்மென்ட் கேட்டுக் கூப்புடறவங்களுக்குப் பதில் சொல்லணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. குரல் மட்டும் வேணுமாம், மூஞ்சி வேண்டாமாமா, நீ ஏன் சரின்னு சொன்னே, எழுந்து வந்திருக்க வேண்டியதுதானே என்று பொரிந்து தள்ளினேன். அவள் நான் ஓய்கிறவரை காத்திருந்தாள்.

"நான் சும்மா சரிங்கல மேடம். அந்த மேனேஜர் அம்மா நல்லாத்தான் பேசினாங்க. என் பல்லைப் பாத்துட்டு, போன் செக்‌ஷன் ஓகேவான்னாங்க. நான் கையை மடியில வச்சுக்கிட்டுக் கேட்டேன். பல்லுக்காகவாங்கன்னு. அவங்க பைலைப் பொரட்டுனாங்க. உங்க ஆஸ்பத்திரிக்கு எங்க பக்கத்துலருந்து வர்ற பேஷன்ட்டுங்களுக்கெல்லாம் இதே பல்லுதான மேடம், அவங்கள உள்ள விடறீங்கல்லன்னு கேட்டேன். அவங்களுக்கு முகமெல்லாம் செவந்துபோச்சு. பாவமா இருந்துச்சு. யாரும் கேட்டதில்ல போல. முதல்ல போன்ல உக்காரு, பிறவு பாக்கலாம்னாங்க. நானும் சரின்னேன். பிறவு பாக்கலாம்னு நீங்க சொன்னதை மறக்க மாட்டேன்னும் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சந்தோஷமா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

"மேடம்" என்றாள். பஸ் ஹாரன் அடித்தது. "உங்கள இது மாதிரி யாராச்சும் சொன்னாங்களா? கேப் போட்டுக்கிட்டு வான்னு?"

"சொல்லலை" என்றேன். "சொல்லிடுவாங்களோன்னு நானே போயிப் போட்டுக்கிட்டேன்."

"போட்டுத்தான் ஆகணுமான்னு நீங்க யாரையுமே கேக்கலியா மேடம்?"

சண்டைக்குக் கேட்கவில்லை அவள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 

"சாப்பிட்டியா?" என்றேன்.